செய்தி பிழையா? எழுதிக் கேட்போம்!



சம்பளப் பிரச்சினை எழுந்தால்தான் தோட்டம் பத்திரிகையின் முதற்பக்கத்துக்கு வருகிறது. 2024 மே தினத்தில் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. செப்டெம்பரில் முடிவான அடிப்படை நாட்சம்பளமோ 1,350 ரூபாய். முதல் செய்தியை மட்டும் வாசித்தவர், “தோட்டத்து ஆட்களுக்குத்தான் 1,700 கிடைத்துவிட்டதே” என்றே நினைப்பார். பிந்திய செய்தியையும் அதே அளவு பெரிதாகப் போடாவிட்டால் உண்மை பாதியாகிவிடும்.

இதைத் தட்டிக் கேட்க வழி உண்டா? இந்தியாவிலும் உண்டு, இங்கும் உண்டு.

இந்தியாவில் சட்டப்படி அமைந்த பத்திரிகைப் பேரவை 1966இல் தொடங்கியது. அதனால் கண்டிக்க முடியும். அபராதம் விதிக்க முடியாது. 2009 தேர்தலில் சில பத்திரிகைகள் வேட்பாளர்களிடம் காசு வாங்கி விளம்பரத்தைச் செய்தியாகப் போட்டன என்ற குற்றச்சாட்டைப் பேரவை விசாரித்தது. ஆனால் பெயர்கள் அடங்கிய முழு அறிக்கையை 2010இல் வெளியிடவில்லை. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்ட பிறகே அது 2011இல் வெளிவந்தது.

இலங்கையில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பத்திரிகைப் பேரவை உண்டு. பத்திரிகையாளரைச் சிறைக்கு அனுப்பவும் அந்தச் சட்டத்தில் இடமிருப்பதால் ஊடக அமைப்புகள் அதை எதிர்த்து வந்துள்ளன. மறுபுறம், பத்திரிகைத் துறையினரே 2003இல் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவை அமைத்தார்கள். பிழையைத் திருத்த வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குப் பதில் சொல்ல இடம் தர வேண்டும் என்பது ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்ட ஒழுக்கக்கோவை.

பத்திரிகையை அடக்கும் அதிகாரத்தை அரசாங்கத்திடம் கொடுக்கும்படி நாம் கேட்கக் கூடாது. நாளைக்கு நமது குரலும் அடங்கும். நமக்குத் தேவை திருத்தமும் பதிலும்தான். இரு நாட்டு அனுபவமும் ஒன்றையே சொல்கிறது: வாசகர் கேட்டால்தான் விதி வேலை செய்யும்.

ஆகவே, பிழையான செய்தியைக் கண்டால் வெட்டி வையுங்கள். திகதியைக் குறியுங்கள். எது பிழை, எது உண்மை என்று நாலு வரி எழுதி, சம்பளத் துண்டின் பிரதி இருந்தால் சேருங்கள். முதலில் ஆசிரியருக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். எழுதச் சிரமமென்றால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள்.

மலையகத்தில் முதன்முதலாகச் சங்கம் கட்டியவர்களில் ஒருவரான கோ. நடேசய்யர் ஒரு பத்திரிகையாளர். பேனாவும் சங்கமும் நமக்குப் புதிய கூட்டு அல்ல.