பிஞ்சு விரல் பக்கத்தில் கத்தரிக்கோல் எதுக்கு?

2021 ஜூன். தஞ்சாவூர் ராசா மிராசுதார் அரசு மருத்துவமனையில், பிறந்து 14 நாளே ஆன பெண் குழந்தையின் கையிலிருந்த ட்ரிப்ஸ் ஊசியின் பிளாஸ்டரைக் கத்தரிக்கோலால் வெட்டியபோது, கட்டைவிரலும் சேர்ந்து துண்டானது.

அந்த நர்ஸை மட்டும் திட்டிப் பயனில்லை. குறைமாதக் குழந்தையின் மேல்தோல் முழுசா முதிர்ந்திருக்காது. பிளாஸ்டரைச் சட்டென இழுத்தாலே தோலும் உரிந்து வரும், கிருமி உள்ளே போக வழி கிடைக்கும். ஈரப் பஞ்சால் ஊறவைத்து, தோலை ஒரு விரலால் அழுத்திப் பிடித்து, மெதுவா பிரிக்கணும். சில நிமிஷ வேலைதான். ஆனா, ஒரே ஷிஃப்டில் பல குழந்தைகளைப் பார்க்கிற நர்ஸுக்கு அந்த நிமிஷங்களே கிடைக்காது. ஆளைக் கூட்டுங்க என்பதுதான் என் முதல் கோரிக்கை.

சுமார் 7,000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானலில் சிக்கல் இன்னும் கூடும். குளிருக்குப் பயந்து சுடுதண்ணி பாட்டிலைப் பக்கத்தில் வைத்தால் பிஞ்சுத் தோல் வெந்துடும். அம்மாவின் நெஞ்சுச் சூடே பாதுகாப்பானது. மேல்சிகிச்சைக்குக் கீழே அனுப்பும்போது, வத்தலக்குண்டு வரை வளைவுகளில் ஆம்புலன்ஸ் குலுங்கும். ஊசி நழுவக்கூடாதுன்னு பிளாஸ்டரை இறுக்கிச் சுற்றத் தோணும். ஆனா விரல் நுனி வெளியே தெரியணும். அது வீங்கினாலோ நிறம் மாறினாலோ உடனே சொல்லுங்க. பிளாஸ்டரைப் பிரிக்கக் கத்தரிக்கோலை எடுத்தா, “சிஸ்டர், நனைச்சு எடுக்கலாமா?”ன்னு தயங்காம கேளுங்க.