மீசையும் மலக்குடலும்

நவம்பர் வந்தாலும் வந்தது, சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் மீசையை எடுத்துவிட்டு வந்து நிற்கிறான். அக்கா பதறிப்போய், "யாருக்குடா என்ன ஆச்சு?" என்றாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆண்களுக்கு வரும் புற்றுநோய் பற்றிய விழிப்புணர்வாம். ஒன்றாம் தேதி மழமழவென்று சிரைத்துக்கொண்டு, மாதம் முழுக்க மீசை வளர்க்க வேண்டும். 2003-இல் மெல்பர்னில் 30 பேர் கூடித் தொடங்கியது. அங்கே திடீரென்று ஒருவன் மீசை வைத்தால் நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள், பேச்சு பிறக்கும். நம் ஊரில் மீசையை எடுத்தால்தான் கேட்பார்கள். அதுவும் துக்கமா, வேண்டுதலா, பந்தயத்தில் தோற்றாயா என்று. மாதக் கடைசியில் மீசை வளர்ந்து முடிந்தால் பழைய ஆளேதான். எவன் கேட்பான்?

"நீங்க வந்து எங்க ஆபீஸ்ல நாலு வார்த்தை பேசணும் மாமா, பாசிட்டிவா," என்றான். அடுத்த மாதம் எனக்குப் புராஸ்டேட்டை எடுக்கப்போகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். பயாப்ஸி ரிப்போர்ட்டே பாசிட்டிவ்தான், இதற்கு மேல் என்ன பேச?

என் பெருங்குடலைப் பற்றி இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அல்சரேடிவ் கொலைடிஸ், குடல் புண், எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக் கழிப்பிடத்தில் தாழ்ப்பாள் இருக்கிறது, எல்லாம் எழுதியாயிற்று. இப்போது அதற்குப் பக்கத்து வீட்டில் குடைச்சல். சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருக்கிறது புராஸ்டேட். இடையில் மெல்லிய சவ்வுதான். பொதுச்சுவர் வைத்த ஒண்டுக்குடித்தனம். இங்கே ஆணி அடித்தால் அங்கே காரை உதிரும். அதனால்தான் கதிர்வீச்சு எனக்குச் சரிப்படாது என்றார்கள். கொலைடிஸ்காரர்களுக்கு அது அறவே கூடாது என்றில்லை. ஆனால் பின்னால் இருக்கும் மலக்குடல் கொஞ்சமாவது கதிரை வாங்காமல் தப்பாது, அதுவோ ஏற்கெனவே புண்ணான இடம். பயாப்ஸிக்கும் மலக்குடல் வழியாக ஊசியை விடாமல், விரைப்பைக்குப் பின்னால் தோல் வழியாகவே எடுத்தார்கள்.

இவ்வளவு யோசித்தவர்கள், ஆபரேஷனுக்குத் தயாராவதற்கு ஒரு தாள் கொடுத்தார்கள் பாருங்கள், இந்த வாரம் முழுக்க என் எரிச்சல் அதன் மேல்தான். எல்லாருக்கும் ஒரே தாள். கீரை, கொய்யா, நார்ச்சத்து நிறையச் சாப்பிடவும். மலம் இளக மருந்து குடிக்கவும். முக்கக் கூடாது. வலித்தால் டைக்லோஃபினாக். முக்கி வரவழைக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்ததே இல்லை, வருவதை நிறுத்தத்தான் மாத்திரை சாப்பிடுகிறேன். டைக்லோஃபினாக் வகை வலி மாத்திரைகள் கொலைடிஸைக் கிளப்பிவிடக்கூடும். கொலைடிஸுக்காக நாள்பட ஸ்டீராய்டு சாப்பிட்டவர் உடம்பு, அதைத் தானாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். கத்தி வைக்கும் நேரத்தில் ரத்த அழுத்தம் சரியலாம் என்பதால் மயக்க மருந்து டாக்டருக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அதை எழுதத் தாளில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. யூராலஜிஸ்ட் சொன்னதைக் குடல் டாக்டரிடமும், அவர் சொன்னதை இவரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கும் தபால்காரன் வேலை எனக்கு. இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள்.

இடுப்புக்குக் கீழே நடப்பதைப் பேச ஆண்களுக்கு அவ்வளவு கூச்சம். அப்போதைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் லாய்ட் ஆஸ்டின் 2023 டிசம்பரில் புராஸ்டேட் ஆபரேஷன் செய்துகொண்டதை அதிபருக்கே சொல்லவில்லை. புத்தாண்டன்று கடும் வலியோடு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனார். சிறுநீர்த் தொற்று, வயிற்றில் நீர் சேர்ந்து சிறுகுடல் முரண்டு பிடித்தது. அப்புறம்தான் ஊருக்கே தெரிந்தது. ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபே இந்த விஷயத்தில் என் கட்சி (மற்ற அரசியல் வேறு). 2020-இல் கேமராக்களுக்கு முன்னால் நின்று, கொலைடிஸ் திரும்பிவிட்டது, பதவி விலகுகிறேன் என்றார்.

தாளில் உருப்படியாக இருந்தது இடுப்புத்தளப் பயிற்சி ஒன்றுதான். பிரசவமான பெண்களுக்காக ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-இல் எழுதி வைத்தது. புராஸ்டேட்டை எடுத்தபின் சிறுநீர் ஒழுகுவதைக் கட்டுப்படுத்த இப்போது நாங்களும் செய்கிறோம். பஸ்ஸில் அடக்கி அடக்கிப் பழகியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற திமிரோடு போனேன். அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெண் பார்த்துவிட்டு, "இறுக்குறது உங்களுக்கு நல்லா வருது சார். விடுறதுதான் வரலை," என்றது.

அதைவிடப் பெரிய கவலை கொக்கி. ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு வாரம் ட்யூபும் பையுமாகத்தான் வீட்டில் இருக்க வேண்டும். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழேயே இருக்க வேண்டும், மேலே தூக்கினால் சிறுநீர் திரும்பும். தரையில் போட்டால் கிருமி. மற்ற நோயாளிகள் காலையில் ஒருமுறை போய் வந்தால் முடிந்தது. நான் பகலெல்லாம் போகிறவன், அதுவும் ஓட்டமாக. நம் கழிப்பறைகளில் கொக்கி எங்கே இருக்கிறது? கதவில், தலை உயரத்தில், லுங்கியும் டவலும் மாட்ட. நாள் வாடகை ஆயிரக்கணக்கில் வாங்கும் ஆஸ்பத்திரி அறையிலும் அப்படித்தான். கண்ணாடித் தடுப்பு இருக்கிறது, வாசனைக் குச்சி இருக்கிறது, முழங்கால் உயரத்தில் ஒரு கொக்கி இல்லை. இவற்றையெல்லாம் வரைகிற ஆர்க்கிடெக்டுகளுக்கு வயிறே கிடையாதா?

பிளம்பரைக் கூப்பிட்டேன். முழங்கால் உயரத்தைக் காட்டினதும், "இங்க எதை சார் மாட்டுவீங்க?" என்றார். சொன்னேன். டிரில்லிங் மெஷினைக் கீழே வைத்துவிட்டார். "எங்கப்பாவுக்கும் ட்யூப் போட்டிருந்தாங்க சார். பையைச் சுத்தமான பக்கெட்டுல வெச்சுட்டோம். கையோட தூக்கிட்டே போவாரு. இதுக்கு எதுக்கு டைல்ஸை ஓட்டை போடணும்?"

நல்ல யோசனைதான். ஆனாலும் போடச் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் பக்கெட்டை வைத்த இடத்தில் இருக்க விடமாட்டார்கள்.