பழைய ரூட்டர் வாங்கலாமா?

சுந்தரபாண்டியத்தில் தறிச் சத்தம் கேட்கும் தெரு ஒன்றில் எனக்கொரு இளைய நண்பன் இருக்கிறான். பத்தாம் வகுப்பு மாணவன். நெசவுத் தார்களை அடுக்கி வைக்க, மூடியை நகர்த்தித் திறக்கும் மரப்பெட்டி ஒன்றைத் தானே செய்ய வேண்டும் என்பது அவன் ஆசை. மூடி நகர வேண்டுமானால் பக்கப் பலகைகளில் நேரான பள்ளம் எடுக்க வேண்டும். இராஜபாளையத்தில் தச்சர் ஒருவர் தம்முடைய பழைய ரூட்டர் இயந்திரத்தை விற்கிறார் என்று கேள்விப்பட்டு என்னிடம் ஓடி வந்தான். "பன்னிரண்டு பிட்டும் சும்மாவே தர்றேங்கிறாரு, அண்ணாச்சி!"

அந்த "சும்மா"தான் எனக்குப் பிடிக்கவில்லை. இயந்திரம் பழையதாக இருக்கலாம். பிட் பழையதாக இருக்கக் கூடாது என்பது என் கட்சி. ஏனென்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ரூட்டர் என்பது செங்குத்தாக நிற்கும் ஒரு மின்மோட்டார். அதன் தண்டின் நுனியில் ஒரு வெட்டும் பிட். அவ்வளவுதான். ஆனால் அது நிமிடத்துக்கு 25,000 சுற்றுகள் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் சுழலும். பிட்டின் விட்டம் 12 மி.மீ. என்று கொள்வோம். சுற்றளவு ஏறக்குறைய 37.7 மி.மீ. இதைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால், வெட்டும் விளிம்பின் வேகம் வினாடிக்குச் சுமார் 15.7 மீட்டர், அதாவது மணிக்கு 57 கிலோமீட்டர். அதே சுழற்சியில் 50 மி.மீ. பிட்டைப் பொருத்தினால் மணிக்கு 236 கிலோமீட்டர்! இராஜபாளையம் வழியே செங்கோட்டைக்குப் போகும் ரயில் அந்த வேகத்தைக் கனவிலும் கண்டதில்லை. பெரிய பிட்டுக்குச் சுழற்சியைக் குறைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். வேகத்தைக் குறைக்கும் வசதி இல்லாத இயந்திரமானால் பெரிய பிட் பக்கமே போக வேண்டாம்.

இந்த வேகத்தில் மரத்தை வெட்டுவது டங்ஸ்டன் கார்பைடு. 1920களில் ஜெர்மனியின் குருப் நிறுவனம் இதை 'விடியா' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'வைரம் போல' என்பது அந்தப் பெயரின் பொருள். கடினமானது, ஆனால் நொறுங்கும் குணமுள்ளது. கீழே விழுந்த பிட்டின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சில்லு பெயர்ந்திருக்கலாம். மழுங்கியதோ மரத்தை வெட்டாமல் உரசும். உராய்வினால் சூடேறி மரம் கருகும். நாம் இன்னும் பலமாகத் தள்ளுவோம். விபத்து அங்கே காத்திருக்கும். விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது. வெள்ளைக் கோடு மின்னினால் அது மழுங்கிவிட்டது. பழைய பிட் தந்தவர் நல்லவர்தான், அதற்காக விளிம்பு கூராகிவிடாது!

இயந்திரத்தில் நான் முதலில் பார்ப்பது காலெட்டை. பிட்டின் காம்பைக் கவ்விப் பிடிக்கும் பிளவுபட்ட குழல் அது. காம்புகளில் 6 மி.மீ. உண்டு, கால் அங்குலமும் உண்டு. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. வித்தியாசம் 0.35 மி.மீ.தானே என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். கால் அங்குலக் காலெட்டில் 6 மி.மீ. பிட்டை மாட்டி, பலங்கொண்ட மட்டும் முறுக்கினேன். பாதிப் பள்ளத்தில் பிட் தானாகக் கீழே இறங்கிப் பலகையைத் துளைத்துவிட்டது. என் கை தப்பியது, பலகை தப்பவில்லை. காலெட்டின் உட்புறத்தில் கீறலோ, வாய் அகன்றோ இருந்தால் அதே கம்பெனியின் புதுக் காலெட் கிடைக்குமா என்று விசாரித்த பிறகே பணத்தை எடுங்கள். கிடைக்காதென்றால் அந்த இயந்திரம் உங்களுக்கு வேண்டாம்.

மற்றவை எளிது. மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடினால் பேரிங் போய்விட்டது. ஓடும்போது கார்பன் பிரஷ் அருகே சின்னஞ்சிறு பொறிகள் தெரிவது இயல்பு. திசைமாற்றியைச் சுற்றி நெருப்பு வளையம்போல் ஓடினால் ஆர்மேச்சரில் கோளாறு. பிரஷ்ஷும் பேரிங்கும் மாற்றக் கூடியவை. ஆர்மேச்சர் செலவு கையைக் கடிக்கும். வயர் ஒட்டுப் போட்டிருந்தால் முழுவதையும் மாற்றிவிடுங்கள்.

"உளி இருக்க இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் பெரிய ஆசாரிகள் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரின் மரச் சிற்பங்களைப் பார்த்தவர்கள் அவர்களை எதிர்த்துப் பேசத் தயங்குவார்கள். எனக்கும் பாதிச் சம்மதம்தான். முதல் பள்ளத்தை உளியால் எடுத்தவனுக்கே மரத்தின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கை வழியாகத் தெரியும். ஆனால் ஒரே அளவில் இருபது பள்ளம் வேண்டுமென்றால் இயந்திரத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

என் நண்பனுக்கு 6 மி.மீ., 12 மி.மீ. என இரண்டு நேர் பிட்டுகள் போதும். ஒரு தடவைக்கு 2 அல்லது 3 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரத் திசையில் சுழலும். எனவே பலகையின் வெளி விளிம்பை எதிர்த் திசையில் சுற்றி வர வேண்டும். மாறித் தள்ளினால் இயந்திரம் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். கண்ணாடியும் முகமூடியும் அணியாமல், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் சுவிட்சைத் தொடுவதில்லை என்று அவனிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் இராஜபாளையம் போனோம். தண்டு ஆடவில்லை. காலெட்டின் உள்ளே மட்டும் ஆழமான கீறல். புதுக் காலெட்டின் விலையைக் கழித்துக்கொள்ளத் தச்சர் முகம் கோணாமல் ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு பிட்டுகளை அவரிடமே விட்டு வந்தோம். காலெட் வர இன்னும் பத்து நாள் ஆகும். அதுவரை சும்மா இருக்க முடியாமல் பையன் முதல் பலகையில் உளியால் பள்ளம் எடுத்துக்கொண்டிருக்கிறான், கொஞ்சம் கோணல்தான்.