கோடுகளின் கணக்கு யார் கையில்?

கடையில் வாங்கிய சோப்பின் உறையைத் திருப்பிப் பாருங்கள். ஒரு மூலையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் வரிசை கட்டி நிற்கும். அடியில் 13 இலக்கங்கள் இருக்கும். நம் நாட்டுக் கம்பெனி தயாரித்த சரக்கானால் அநேகமாக 890 என்று ஆரம்பிக்கும். இதற்குப் பார்கோடு என்று பெயர். இதைப் படிக்கும் கருவிதான் ஸ்கேனர்.

ஸ்கேனர் வேலை செய்யும் விதம் சுலபமானது. அது கோடுகளின் மேல் வெளிச்சத்தைப் பாய்ச்சுகிறது. கறுப்புக் கோடு வெளிச்சத்தை விழுங்கிவிடும். வெள்ளை இடைவெளி திருப்பி அனுப்பும். திரும்பி வரும் வெளிச்சத்தை வைத்து யந்திரம் எண்ணைப் படித்துக் கொள்கிறது. பெரிய கடைகளில் மேஜைக்குள் பதித்து மேலே கண்ணாடி போட்டிருப்பார்கள். சரக்கை அதன்மேல் இழுத்தால் போதும். குடோன்களில் கைத்துப்பாக்கி போன்ற ஒன்றைத் தொழிலாளி கையில் கொடுத்திருப்பார்கள். சரக்கு இருக்கும் இடத்துக்கு அவர் கொண்டு போய் அழுத்த வேண்டும்.

இந்தச் சின்னக் கருவியைப் பற்றி ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் தெரிந்து கொள்ள என்ன இருக்கிறது?

சமீபத்தில் ஒரு கிராமத்துக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் குடும்பத்துப் பெண் ஒருவர் வந்திருந்தார். இப்போது நகரத்துக் குடோன் ஒன்றில் வேலை பார்க்கிறார். அவர் சொன்னார்: "தோழர், வயல்லே மேஸ்திரி திட்டினா நாங்க நாலு பேர் சேர்ந்து திருப்பிக் கேட்போம். இங்கே கையிலே இருக்கிற மிஷினே என்னைக் காட்டிக் கொடுக்குது. மிஷின்கிட்டே என்னத்தைக் கேக்கிறது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

சரக்கை எண்ணப் பிறந்த கருவி

1948-ம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், மளிகைக் கடைக் கம்பெனித் தலைவர் ஒருவர் ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக்கு வந்து, கடை வாசலிலேயே சரக்கின் விவரத்தைத் தானாகப் பதிய வழி உண்டா என்று கேட்டார். அதைக் காதில் வாங்கிய பெர்னார்ட் சில்வர் தம் நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்டிடம் சொன்னார். உட்லண்ட் கடற்கரை மணலில் விரலால் கோடிழுத்து, தந்தி அடிக்கும் மோர்ஸ் புள்ளியையும் கோட்டையும் நீட்டிப் பார்த்து, இந்த யோசனையைக் கண்டார். 1952-ல் இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது. பின்னர் அதை ஒரு கம்பெனி 15,000 டாலருக்கு வாங்கிக் கொண்டது.

1974 ஜூன் 26-ல் ஓஹையோ மாநிலத்தின் ட்ராய் என்ற ஊரில், மார்ஷ் கடையில், 67 சென்ட் விலையுள்ள சூயிங்கம் பாக்கெட் ஒன்று முதன்முதலாக ஸ்கேனரைத் தாண்டிச் சென்றது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் கோடுகளில் விலை இல்லை. சரக்கின் எண் மட்டுமே இருக்கிறது. விலை முதலாளியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. சரக்கைத் தொடாமலே அவர் விலையை மாற்றிவிடலாம்.

அதற்கு முன்பு அமெரிக்கக் கடைகளில் ஒவ்வொரு டப்பாவிலும் தொழிலாளிகள் விலை முத்திரை குத்தி வந்தார்கள். "ஸ்கேனர் வந்துவிட்டது, இனி முத்திரை வேண்டாம், கூலி மிச்சம்" என்றார்கள் முதலாளிகள். கடைத் தொழிலாளர் சங்கங்கள் எதிர்த்தன. வாங்கும் மக்களின் அமைப்புகளும் எதிர்த்தன. ஒரு பக்கம் வேலை போகும். மறுபக்கம் விலை மறையும். இரு சாராரும் ஒரே அணியில் நின்றதால் பல மாநிலங்களில் சட்டம் வந்தது. மிச்சிகன் மாநிலத்தில் 1976-ல் வந்த சட்டம், ஒவ்வொரு பொருளிலும் விலை இருக்க வேண்டும் என்றது. 2011-ல்தான் அதை ரத்து செய்தார்கள். ஒற்றுமையால் பெற்ற சட்டம் 35 ஆண்டுகள் நின்றது.

ஆளை எண்ண ஆரம்பித்த கதை

பிறகு ஸ்கேனர் மேஜையிலிருந்து கைக்கு வந்தது. கதையும் மாறியது.

குடோனில் தொழிலாளி வேலையைத் தொடங்கும்போது தம் எண்ணைக் கருவியில் பதிகிறார். அதன்பின் அவர் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சரக்கின் எண்ணோடு அவருடைய எண்ணும், நிமிஷமும், விநாடியும் சேர்ந்து பதிகின்றன. ஓர் அழுத்தலுக்கும் அடுத்த அழுத்தலுக்கும் நடுவே அவர் தண்ணீர் குடித்தாரா, கழிப்பறைக்குப் போனாரா, கால் வலித்து உட்கார்ந்தாரா என்பது கருவிக்குத் தெரியாது. "வேலை செய்யாத நேரம்" என்று ஒரே பேரேட்டில் எழுதிவிடுகிறது.

ஹரியானாவின் மானேசரில் உள்ள அமேசான் குடோனில், ஆறு லாரிச் சரக்கை இறக்கி முடிக்கும் வரை தண்ணீருக்கோ கழிப்பறைக்கோ போக மாட்டோம் என்று தொழிலாளர்களைச் சபதம் எடுக்க வைத்ததாக 2024 ஜூனில் பத்திரிகைகளில் செய்தி வந்தது. தேசிய மனித உரிமைக் கமிஷன் தானாகவே அதை எடுத்துக் கொண்டு மத்திய தொழிலாளர் அமைச்சகத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. இலக்கு என்ற சாட்டைக்கு வேகம் எப்படி வருகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

விவசாயத் தொழிலாளர்களும் இதற்குத் தப்பவில்லை. அமெரிக்கப் பழத் தோட்டங்களில் பறிக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் மேஸ்திரி ஓர் அட்டையில் ஓட்டை போட்டுக் கொடுப்பது பழைய வழக்கம். அட்டை தொழிலாளியின் சட்டைப் பையில் இருக்கும். மாலையில் ஓட்டைகளை எண்ணிக் கூலி கேட்கலாம். இப்போது பல தோட்டங்களில் தொழிலாளி கழுத்தில் பார்கோடு அட்டை தொங்குகிறது. மேஸ்திரி கையில் ஸ்கேனர். பறித்த பெட்டிகளின் கணக்கு தொழிலாளியின் பையிலிருந்து கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது.

விஷயத்தின் வேர் இதுதான். கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் கூலியும் இருக்கிறது, வேகமும் இருக்கிறது.

ஆலைத் தொழிலாளிக்கு இது புதிய கதை அல்ல. ஒரு தறி பார்த்தவரை நான்கு தறி பார்க்கச் சொன்ன நாட்களை நம் மூத்த தோழர்கள் அறிவார்கள். அதற்கு 'ரேஷனலைசேஷன்' என்று அழகான பெயர் வைத்தார்கள். 1955-ல் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் அதை எதிர்த்து 80 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று தறியின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். இன்று விநாடியைக் குறைக்கிறார்கள்.

உடைப்பதா, பிடிப்பதா?

அப்படியானால் ஸ்கேனரைத் தரையில் போட்டு உடைக்கலாமா? கூடாது. நம் ரேஷன் கடையைப் பாருங்கள். 2017 முதல் தமிழ்நாட்டில் கொடுக்கப்பட்ட ஸ்மார்ட் கார்டில் சதுரமாக ஒரு குறி உண்டு. கோடுகளின் தம்பி என்று அதைச் சொல்லலாம். அதை ஸ்கேன் செய்து பில் போட்டால் உங்கள் செல்போனுக்குத் தகவல் வருகிறது. வாங்காத சர்க்கரையை வாங்கியதாகத் தகவல் வந்தால் மறுநாளே கடை வாசலில் நின்று கேட்கிறீர்கள். கணக்கின் ஒரு பிரதி மக்கள் கைக்கு வந்தபோது அதே வகைக் கருவி திருட்டைக் காட்டிக் கொடுத்தது!

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை.

ஒன்று: என் வேலையைப் பற்றி யந்திரம் எழுதும் கணக்கை எனக்குக் காட்ட வேண்டும். இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. கலிபோர்னியா மாநிலத்தில் 2021-ல் நிறைவேறி 2022 ஜனவரி முதல் அமலில் உள்ள சட்டப்படி, குடோன் தொழிலாளி தம்முடைய கடைசி 90 நாள் வேலை வேகக் கணக்கைக் கேட்டுப் பெறலாம்.

இரண்டு: இலக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் தர வேண்டும். சாப்பாட்டையும் ஓய்வையும் கழிப்பறையையும் பறிக்கும் இலக்கு செல்லாது. அதே சட்டம் இதையும் சொல்கிறது.

மூன்று: இலக்கை நிர்ணயிக்கும் மேஜையில் சங்கத்துக்கு இடம் வேண்டும்.

நான்கு: யந்திரம் மிச்சம் பிடிக்கும் நேரத்தில் தொழிலாளிக்குப் பங்கு வேண்டும். ஆட்குறைப்பாக அதைத் தராதே. வேலை நேரக் குறைப்பாகத் தா!

கூட்டத்தில் கேட்ட அந்தச் சகோதரிக்கு நாம் சொன்னதும் இதுதான்: "மிஷினிடம் கேட்க ஒன்றுமில்லை, அம்மா. மிஷினில் இலக்கை எழுதிய ஆள் ஒருவர் ஆபீசில் இருக்கிறார். வயலில் நாலு பேர் சேர்ந்து மேஸ்திரியைக் கேட்ட மாதிரி, குடோனில் நாற்பது பேர் சேர்ந்து அவரைக் கேளுங்கள்."

அடுத்த வாரம் அந்தக் குடோனைச் சேர்ந்த தோழிகள் சிலர் கூடிப் பேசுவதாக இருக்கிறார்கள். அருகிலுள்ள ஆலைச் சங்கத் தோழர்கள் அவசியம் போய்த் துணை நிற்க வேண்டும்.