தகுதி எந்த நொடியில் குறைந்தது?

உத்தரப்பிரதேசக் கிராமப்புறத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்கள் 642 பேரிடம், சிக்கலான பாதையில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள் பொருளியலாளர்கள் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே. பாதிப் பேர் தலித்துகள். மீதிப் பேர் ஆதிக்கச் சாதியினர். சாதியைச் சொல்லாதபோது இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவில் விடை கண்டனர். பெயர், ஊர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், சாதி என எல்லோர் முன்னிலையிலும் வாசித்தபோது தலித் சிறுவர்கள் பின்தங்கினர். இந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது.

நாலு வரி வாசித்ததில் அறிவு குறைந்துவிடுமா? இங்கே நம்மை எப்படி மதிப்பிடுவார்கள் என்பது அந்தச் சிறுவர்களுக்கு வாழ்ந்தே தெரியும். அந்த அறிதல்தான் கையைத் தளர்த்துகிறது. பண்பாடு மனதை வனைவது இப்படித்தான். பிறகு அந்தக் குறைந்த மதிப்பெண்ணையே காட்டி, "பாருங்கள், தகுதி இல்லை" என்கிறார்கள். மனதில் விழுந்த காயம் பண்பாட்டுக்குச் சாட்சியாகிவிடுகிறது. சாதியை ஒரு மனநிலை என்று 1936இலேயே அம்பேத்கர் எழுதியது இதனால்தான்.

இதைக் கேட்டதும் சிலர், "அப்படியானால் சாதியையே பதியாதீர்கள், இடஒதுக்கீட்டையும் எடுத்துவிடுங்கள்" என்று கிளம்புவார்கள். அலுவலகக் கோப்பில் இருக்கும் சாதிச் சான்றிதழ் எந்தச் சிறுவனின் கையையும் நடுங்க வைப்பதில்லை. வகுப்பில் உரக்க வாசிப்பதுதான் நடுங்க வைக்கிறது. முன்னது உரிமை, பின்னது அவமதிப்பு. நான் ஆய்வு செய்யும் துறையில் புதிதாக வருபவரிடம் ஆய்வுத் தலைப்புக்கு முன்பே "எந்தக் கோட்டா?" என்று கேட்கிறார்கள். அது அந்த உரத்த வாசிப்பின் பல்கலைக்கழக வடிவம்.

நாங்குநேரி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கோரியது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது என்றது. கயிறுதானே என்று சிலர் சிரித்தார்கள். வாயால் வாசிக்காமலே சாதியை நாள் முழுதும் அறிவித்துக்கொண்டிருப்பது அந்தக் கயிறுதான்.

மனம் மாறினால் சாதி தானாகப் போகும் என்று காத்திருக்க முடியாது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னபோது எத்தனை மனங்கள் தயாராக இருந்திருக்கும்? முதலில் பழக்கம் மாறியது. இன்று பெயருக்குப் பின்னால் சாதி போட நம்மில் பலருக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சம் இயக்கம் ஈட்டித் தந்தது. அதை வகுப்பறைக்குள்ளும் ஆய்வுத்துறைக்குள்ளும் கொண்டுபோவது நம் வேலை. அடுத்த முறை "எந்தக் கோட்டா?" என்ற கேள்வி காதில் விழுந்தால், கேட்கப்பட்டவரைப் பதில் சொல்ல விடாதீர்கள். கேட்டவரிடம் நீங்கள் பேசுங்கள்.