அப்பளம் இடுவதும் தொழில்தான்

மார்ச் மாதத்தில் தொழில் செய்யும் பெண்களுக்கு விருது என்று பேச்செடுத்தால் போதும், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கடைவீதிப் பெரியவர்கள் சிலர் ஒரே வாதத்தோடு வந்துவிடுகிறார்கள். வியாபாரத்தில் ஆண் பெண் என்று பார்ப்பதே தவறாம்; எல்லாருக்கும் ஒரே அளவுகோல்தானாம். அப்பளம் இடுகிறவரையும் வடகம் காயவைக்கிறவரையும் மேடையேற்றினால் தொழிலதிபர் என்ற சொல்லுக்கே மதிப்புப் போய்விடுமாம். அதுவும் அரசாங்கக் கடனிலும் மானியத்திலும் ஓடுகிற தொழிலாம்; பின்னால் நின்று நடத்துகிறவர் எப்படியும் கணவர்தானாம். இந்த வாதத்தில் ஒவ்வொரு வரியும் பொய். அதை வயதுக்கு மரியாதை என்று கேட்டுக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை.

மானியக் கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். 2013-14இல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு, இந்தியாவில் பெண்கள் நடத்தும் நிறுவனங்கள் 80 லட்சத்துக்கு மேல் என்று சொன்னது. அதில் 13.5 சதவீதத்தோடு முதலிடத்தில் நின்றது தமிழ்நாடு. இந்த 80 லட்சத்தில் ஏறத்தாழ 79 சதவீதம் சொந்தப் பணத்தில் நடந்தவை. யாரும் தூக்கிக் கொடுத்த காசில்லை. சீட்டுப் பணம், அடகு வைத்த தாலிக்கொடி, கோழி விற்ற காசு.

சுய உதவிக் குழுவின் வரலாறாவது இவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழுத் திட்டம், அடுத்த சில ஆண்டுகளிலேயே தென்னார்க்காட்டுக்கு வந்தது. அந்தத் தென்னார்க்காட்டிலிருந்து 1993இல் பிரிந்ததுதான் விழுப்புரம் மாவட்டம். குழுவில் கடன் எப்படி வரும்? உறுப்பினர்கள் முதலில் தங்கள் பணத்தைச் சேர்க்க வேண்டும். அந்தப் பணத்தைத் தங்களுக்குள் கடனாகக் கொடுத்து, வசூலித்து, மாதக் கூட்டத்தில் கணக்கு எழுத வேண்டும். அந்தக் கணக்கு நின்ற பிறகே வங்கி வரும். அப்பாவின் கடையும் தாத்தாவின் வீட்டுப் பத்திரமும் கையில் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போனவர்கள், சேமிப்பையும் நாணயத்தையும் மட்டும் காட்டிக் கடன் வாங்கியவர்களைச் சலுகை பெற்றவர்கள் என்கிறார்கள். இதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்கிறது?

குழுவிலும் இல்லாதவர்கள் நிலை இன்னும் கடுமை. கூடையில் மீன் விற்கிறவர், பூக்கட்டி விற்கிறவர், பேருந்து நிலைய வாசலில் வேகவைத்த மல்லாட்டை (நிலக்கடலை) விற்கிறவர் எல்லாருக்கும் தெரிந்த வங்கி தண்டல்காரர்தான். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார். நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆண்டுக் கணக்கில் அது நூறு சதவீதத்தைத் தாண்டிய வட்டி. மழையானாலும் காய்ச்சலானாலும் மாலைக்குள் அந்த நூறு ரூபாய் போய்ச் சேர வேண்டும். இப்படிப்பட்ட வட்டியைக் கட்டிவிட்டு, மிச்சத்தில் வீட்டை நடத்தி, மறுநாள் சரக்கும் எடுக்கிறவருடைய திறமையை எந்தத் தராசில் நிறுப்பது? ஒரே அளவுகோல் கேட்கிறவர்கள் ஒரு மாதம் இந்த வட்டியில் கடை நடத்திக் காட்டட்டும்.

ஒரே அளவுகோல் என்றால் தொடக்கமும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த நாளுக்கு முன் மணமானவர்களுக்கு அதில் இடமில்லை. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்ட பிறகே அவர்களுக்கும் வழி பிறந்தது. இன்று அறுபதைத் தொடுகிற வடகக்காரம்மா, தொழில் தொடங்கிய வயதில் ஈடு காட்ட ஒரு சென்ட் நிலம் இல்லாமல் நின்றதற்குக் காரணம் இதுதான். அண்ணன் தம்பிகளுக்கு அந்தக் கவலை இருந்ததில்லை.

சின்னத் தொழில் என்ற ஏளனத்துக்கு வருகிறேன். 2020 ஜூலை முதல் உத்யம் தளத்தில் பதிவான சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களைப் பற்றி 2024 தொடக்கத்தில் மத்திய அரசு சொன்ன கணக்கு இது: நிறுவனங்களில் பெண்களுடையவை 20.5 சதவீதம், மொத்த முதலீட்டில் அவற்றின் பங்கு 11 சதவீதம்தான், வேலைவாய்ப்பில் 18.7 சதவீதம். விற்றுமுதலில் பத்துச் சதவீதம்தானே என்று கேட்பார்கள். முதலீடு பதினொன்று என்றால் விற்றுமுதல் பத்தாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குறைந்த முதலில் அவர்கள் கொடுக்கிற வேலையைப் பாருங்கள். அது ஊருக்குச் செய்கிற பெரிய உதவி.

அப்பளத்தை இளப்பமாகப் பேசுகிறவர்களுக்கு இன்னொன்று. 1959இல் மும்பையின் கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் இட்டார்கள். அப்படித் தொடங்கிய லிஜ்ஜத் அப்பள நிறுவனத்தில் இன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். விற்பனை ஆயிரம் கோடியைத் தாண்டியது. நிறுவிய எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது 2021இல். அறுபது ஆண்டு காக்க வைத்த பிறகு வந்த விருது அது.

பின்னால் கணவர் நடத்துகிறாராம். மல்லாட்டைச் செடி பிடுங்குவது யார்? காய் ஆய்வது யார்? விதைக்குக் கையால் உடைப்பது யார்? வறுத்து, புடைத்து, பொட்டலம் கட்டுவது யார்? மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை போய்ச் சேர்ந்ததும் சீட்டில் எழுதப்படுகிற பெயர் யாருடையது? முன்னால் ஆண் நிற்க, பின்னால் பெண் உழைக்கிற கடைகள் நம் இரண்டு ஊர் வீதிகளிலும் நிறைய உண்டு. அந்தக் கடைகள் ஆண்களின் சாதனையாகவே எண்ணப்படுகின்றன. ஒரு பெண்ணின் பெயரில் கடை வந்ததும் மட்டும் பின்னால் யார் என்று தேடுகிறார்கள்.

விருதெல்லாம் சால்வையும் போட்டோவும்தான் என்று அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அது விருது கொடுக்கிறவர்களின் குற்றம். மதுரைப் புல்லுச்சேரியின் சின்னப்பிள்ளைக்கு 2001இல் ஸ்திரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். அவர் சார்ந்த களஞ்சியம் என்ற சேமிப்பு இயக்கத்தை நாடு அறிந்துகொண்டது அன்றுதான். பெயர் வெளியே வந்தால் அடுத்த வாசல் திறக்கிறது. வங்கி மேலாளர் உட்காரச் சொல்கிறார். மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்கு தருகிறார்.

ஆகவே விழுப்புரம், திண்டிவனம் வணிகர் சங்கங்களுக்கு நேரடியாகவே சொல்கிறேன். இந்த ஆண்டு விருது கொடுங்கள். இன்னாருடைய மனைவி என்று எழுதாமல் அவருடைய பெயரையும், தொழிலையும், எத்தனை ஆண்டு நடத்துகிறார் என்பதையும் அச்சிட்டுக் கொடுங்கள். அந்த மேடையில் வங்கி மேலாளரையும் உட்கார வையுங்கள். விருது வாங்கியவரை மறுநாளே சங்கத்தில் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், உங்கள் உறுப்பினர் பதிவேட்டைத் திறந்து, அதில் எத்தனை பெண்களின் பெயர் இருக்கிறது என்று எண்ணி ஊருக்குச் சொல்லுங்கள்.