கடலில்லா நாட்டின் பஞ்சு

உலகில் கடற்கரையே இல்லாத நாடுகள் 44 உள்ளன. அவற்றுள் நம் சங்க அங்கத்தினர்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டியது மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாஸோ என்று கருதுகிறோம். அங்கே பருத்தி பயிரிடுவோரும் உண்டு, கைத்தறி நெய்வோரும் உண்டு. இரு சாராரும் தத்தமக்கெனச் சங்கங்கள் கண்டிருக்கிறார்கள். ஆயினும் ஒருவர் விளைத்த பஞ்சில் பெரும்பகுதி மற்றவர் தறியைக் காணாமலே வெளிநாட்டுக் கப்பலில் ஏறிவிடுகிறது. நாற்புறமும் நிலம் சூழ்ந்திருப்பதே அந்நாட்டின் வறுமைக்குக் காரணம் என்று பலர் எழுதுகின்றனர். அது பாதிக் காரணமே என்பது நமது கருத்து.

மாலி, நைஜர், பெனின், டோகோ, கானா, ஐவரி கோஸ்ட் ஆகிய ஆறு நாடுகள் புர்கினாவைச் சூழ்ந்துள்ளன. பரப்பு சுமார் 2,74,000 சதுர கிலோமீட்டர். 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2 கோடியைத் தாண்டிவிட்டது. வடக்கே சஹாரா பாலைவனத்தின் விளிம்பு. தென்மேற்கே ஓரளவு நல்ல மழை. மழைக்காலம் ஏறத்தாழ ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். பிறகு நிலம் வெடித்துக் கிடக்கும். ஜனங்களின் ஆகாரம் கம்பும் சோளமும். (நாம் உண்ணும் கம்பின் பூர்வீகமும் ஆப்பிரிக்காவின் அந்தப் புல்வெளிப் பிரதேசமே என்பது பயிர் ஆராய்ச்சியாளர் முடிவு.) பருத்தி பெரும்பாலும் தென்மேற்கில், போபோ டியூலாசோ நகரைச் சுற்றி விளைகிறது.

பிரெஞ்சு ஆட்சியினர் 1919இல் ‘மேல் வோல்டா’ என்னும் பெயரில் இதைத் தனிக் காலனியாக அமைத்தனர். 1932இல் கலைத்து அண்டைக் காலனிகளுக்குப் பங்கிட்டனர்; 1947இல் மீண்டும் ஒட்டவைத்தனர். அதன் ஆட்களை ஐவரி கோஸ்ட் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோவது இந்த ஏற்பாடுகளில் அவர்கள் கண்ட லாபங்களுள் ஒன்று. அபிஜான் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட இரயில் பாதை 1934இல் போபோ டியூலாசோவையும், 1954இல் தலைநகர் உவாகடூகுவையும் எட்டியது. சரக்கோடு மனிதரையும் அது கடற்கரைக்கு இறக்கியது. 1960 ஆகஸ்ட் 5இல் நாடு சுதந்திரம் பெற்றது. 1984இல் ‘நேர்மையுள்ள மாந்தரின் நாடு’ என்று பொருள்படும் இப்போதைய பெயரைச் சூடிக்கொண்டது.

துறைமுகம் பிறர் கையில் இருப்பதன் கஷ்டம் 2002இல் நன்கு விளங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் ஐவரி கோஸ்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. எல்லை மூடப்பட்டது, இரயில் நின்றது. சண்டையில் சம்பந்தமே இல்லாத புர்கினா விவசாயியின் பஞ்சு, கானாவுக்கும் டோகோவுக்கும் லாரிகளில் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. வண்டிச் சத்தத்தை யார் தலையில் கட்டினாலும் அது கடைசியில் கொள்முதல் விலையில்தான் வந்து விடியும். தங்கத்திற்கு இந்தத் தொல்லை இல்லை. 2009 முதல் ஏற்றுமதியில் பருத்தியை முந்திவிட்ட தங்கம், விமானத்தில் பறந்துவிடுகிறது.

அரசாங்கத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அங்கே பெரும்பாலும் எதுவும் நெடுநாள் நிலைப்பதில்லை. 1966 முதல் இராணுவம் பன்முறை ஆட்சியைக் கைப்பற்றியுள்ளது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இருமுறை. 27 ஆண்டு ஆண்ட பிளேஸ் கொம்பாவோரே 2014இல் மக்கள் கிளர்ச்சியால் வெளியேறினார். 2015க்குப் பின் ஆயுதக் குழுக்களின் தாக்குதல் பெருகியது. 2023 மார்ச் மாத அரசாங்கக் கணக்குப்படியே 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு வாசல் துறந்து உள்நாட்டிலேயே அகதிகளாயினர். உழுவோன் ஓடிவிட்ட நிலத்தில் எந்தத் திட்டமும் முளைக்காது என்பதை இங்கே ஒப்புக்கொண்டே மேலே எழுதுகிறோம்.

இத்தகைய நாட்டிலும் கிராமக் கூட்டுறவு வேரூன்றியிருப்பது வியப்புக்குரியது. வடக்கே யாதெங்கா பகுதியில் 1967இல் பெர்னார் லேதேயா உவேத்ராவோகோ என்பவர் ‘நாம்’ சங்கங்களைத் தோற்றுவித்தார். (அந்தச் சொல் அவர்கள் மொழிச்சொல், நம் ‘நாம்’ அன்று.) வெளியிலிருந்து விதிகளைக் கொண்டுவராமல், இளைஞர் கூடிப் பிறர் வயலில் உழைக்கும் மோஸி மக்களின் பழைய வழக்கத்தையே அவர் சங்கமாக மாற்றினார்.

பருத்திப் பகுதியின் சங்கம் வேறு விதமானது. விதை, உரம், மருந்து யாவற்றையும் பருத்திக் கம்பெனி கடனாகத் தரும். விலையை விதைப்புக்கு முன்பே அறிவிக்கும். அறுவடையில் கடனைப் பிடித்துக்கொள்ளும். கடனுக்கு ஜாமீன், கிராமத்துச் சங்கமே. ஒருவர் கடன் நிலுவையானால் மற்றவர் பட்டுவாடாவில் பிடித்தம் விழும். ஒழுங்காகப் பாடுபட்டவன் சோம்பேறியின் உர மூட்டைக்குப் பணம் கட்டினான். மனக்கசப்பு முற்றவே, நம்பிக்கையானவர்கள் தாங்களே தேர்ந்து சேரும் சிறு சங்கங்களாக 1996 முதல் மாற்றியமைத்தனர். கூட்டு ஜாமீனைக் குறை கூறுவது எளிது. ஆனால் பாங்கி எட்டிப் பாராத கிராமத்துக்கு உரம் வந்தது அதனால்தான். 1990களின் இறுதியில், பெரிய கம்பெனியான சோபிடெக்ஸின் பங்குகளில் நூற்றுக்கு 30 விவசாயிகளின் தேசிய சங்கத்துக்குக் கிடைத்தது. இது சாமானிய வெற்றியன்று.

ஆனால் விலை அவர்கள் கையில் இல்லை. பஞ்சு டாலரில் விற்கிறது. அவர்கள் நாணயமோ யூரோவோடு பிணைக்கப்பட்டது. டாலர் மதிப்பு இறங்கினால் கைக்கு வரும் தொகையும் இறங்கும். அமெரிக்கா தன் பருத்தி விவசாயிகள் சுமார் 25,000 பேருக்கு அளித்துவந்த மானியம், புர்கினா நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பினும் மிகுதி என்று ஆக்ஸ்பாம் நிறுவனம் 2002இல் கணக்கிட்டது. மறு ஆண்டு புர்கினா, மாலி, பெனின், சாட் ஆகிய நான்கும் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் முறையிட்டன. முறையீடு நியாயமானதே. ஆயினும், விளையும் பஞ்சில் நூற்றுக்குச் சில பங்கே உள்நாட்டில் நூலாகும்வரை, பிறர் மானியத்தை நிறுத்தினாலும் பஞ்சு விற்கும் நாடாகவே அது இருக்கும்.

விதை விஷயத்தில் நடந்ததும் இதையே காட்டுகிறது. மான்சாண்டோ கம்பெனியின் மரபு மாற்றிய பருத்தி 2008இல் பரவலாக விதைக்கப்பட்டது. புழுத் தொல்லை குறைந்தது. விவசாயிகள் பலர் மகிழ்ந்தனர். ஆனால் பஞ்சின் இழை நீளம் குறைந்தது, சந்தையில் பெயர் கெட்டது. 2016 வாக்கில் அதைக் கைவிட்டனர். உள்ளூரில் நூற்பவனும் நெய்பவனும் விவசாயியின் பக்கத்திலேயே இருந்திருந்தால், இழையின் குறை இன்னும் முன்னதாகக் காதில் விழுந்திருக்கும் அல்லவா?

இனி நெசவாளர் நிலை. ‘பாஸோ டான் பானி’ என்பது அந்நாட்டின் கோடு போட்ட பருத்திக் கைத்தறித் துணி. பெண்கள் பெருவாரியாக இதை நெய்கிறார்கள். 1983 முதல் 1987 வரை ஆண்ட தாமஸ் சங்கரா, சர்க்கார் ஊழியர் இதையே உடுத்த வேண்டுமென உத்தரவிட்டார். 1987 ஜூலையில் அடிஸ் அபாபாவில் கூடிய ஆப்பிரிக்கத் தலைவர்கள் முன், தம் நாட்டிலேயே விளைந்து, நெய்து, தைத்த ஆடையில் நின்று பேசினார். அவ்வாண்டு அக்டோபரில் அவர் கொல்லப்பட்டபின் உத்தரவு மறைந்தது. உத்தரவால் வந்த கிராக்கியும் தளர்ந்தது. கூடுகூ நகரில் நூறு நூறாகத் தொழிலாளருக்கு வேலை தந்த ‘பாஸோ பானி’ ஆலை 2001இல் மூடப்பட்டது. பின்னர் அவ்வூர்ப் பெண்கள் வீட்டுத் தறிகளில் நெய்யலாயினர். அண்மை ஆண்டுகளில் அத்துணிக்கு மீண்டும் மதிப்பு ஏறியுள்ளது. எனினும் நெசவாளப் பெண்கள் பலர் நூலைக் கடையில் சில்லறையாகவே வாங்குகிறார்கள். பாவு ஓட்டுமுன்பே லாபத்தில் ஒரு பங்கு கடைக்காரரிடம் போய்விடுகிறது.

மின்சாரம் அங்கே விலை மிகுதி, இறக்குமதித் துணியும் பழைய உடுப்பும் மலிவு, ஆகவே நூற்பாலை கட்டாது என்பர். பெரிய ஆலைக்கு அது பொருந்தலாம். ஆனால் கடல் தூரமாயிருப்பது இங்கேதான் உதவுகிறது: ஆயிரம் கிலோமீட்டர் லாரியில் போகாத பஞ்சுக்கும், அவ்வளவு தூரம் ஏறி வராத நூலுக்கும் சத்தம் மிச்சம். கைத்தறிக்கு வேண்டிய அளவே நூற்கும் சிறிய ஆலை ஒன்றை விவசாயிகள் சங்கமும் நெசவாளர் சங்கங்களும் பங்கு போட்டு நடத்தலாம் என்கிறோம். கூட்டுறவு நூற்பாலை என்பது நம் அங்கத்தினர்க்குப் புதிதன்று. அதன் தொல்லைகளும் புதியன அல்ல. ஆயினும் உடுத்தும்படி உத்தரவிடுவதைவிட நூல் கிடைக்கும்படி செய்வது நெசவாளிக்கு நீடித்த உதவி. எந்த அரசாங்கம் வந்தாலும் போனாலும் பங்குதாரர் இருப்பார்கள். பொதுச்சபை கூடி, மொத்தப் பஞ்சில் இத்தனை பொதி உள்ளூர் நூலுக்கு, இன்ன விலைக்கு, என்று விதைப்புக்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். கம்பெனி அவ்வாண்டு விலையை அறிவிப்பதும் அப்போதுதான்.